லீக்கெல்லாம் சேத்தி இல்லீங்க

ஏனுங்ணா, கொஞ்சம் சன்னலோரமா நகந்துக்குங்க. இந்தத் தட்டை மடில வெக்கோணும். கீழ வெக்கற பொருளில்லீங்க, சீர்த் தட்டு. தங்கச்சி கொழந்தைக்கு இன்னைக்குக் காது குத்தறாங்க. நாந்தான் தாய்மாமன். கம்மலு, பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு எல்லாம் இதுலதான் இருக்குது. அந்த வாழப்பழச் சீப்பை மட்டும் நீங்க சித்த வெச்சுக்குங்க. நசுங்கினாப் பரவால்ல. இல்ல, நசுங்கப்படாது, பாத்து வெச்சுக்குங்க.

கரட்டுப்பாளையம் பிரிவுல எறங்கோணும். கோயில் அங்கிருந்து ஒரு மைலு உள்ள. தங்கச்சிய அந்த ஊர்லதான் கட்டிக் குடுத்தது, ஆறு வருசமாச்சு. ஆனா இந்த ரோடு நமக்கு அவ்வளவாப் பிடிபடல. பிரிவு வந்தா ஒரு வார்த்தை சொல்லிப் போடுங்க.

மணி என்னங்க? ஒம்பதா? ஒம்பதே முக்கால்ல இருந்து பத்தேகால் வரைக்கும் நல்ல நேரம். வெள்ளிக்கெழமையல்ல, பத்தரைக்கு ராகுகாலம் புடிச்சிரும். நான் எட்டேகால் பஸ்ஸுக்கே வந்திருக்கோணும். அந்தப் பூக்கடைக்காரங்கூட ஒரு சின்ன வாக்குவாதம். வாடிப்போன மல்லிய வெச்சுட்டு விடியால பறிச்சதுங்கறான். விடுவமா? நல்லாக் கேட்டுப்போட்டுத்தான் வந்தேன். அதுக்குள்ள பஸ்ஸு போயிருச்சு. போச்சாது, இதுல போனாலும் நேரத்துக்குப் போயிரலாம்.

போயே ஆகோணும். என்ற தங்கச்சி சுகந்தி நேத்துப் போன்ல என்ன சொன்னா தெரியுங்களா? "அண்ணா, பத்து மணிக்குள்ள வந்தீன்னா உன்ற மடில வெச்சுக் குத்தறோம். வரலீன்னா தண்டபாணியண்ணன் மடில வெச்சுக் குத்தீருவோம்." அவ்வளவுதான், போன வெச்சுட்டா. தாய்மாமனுக்கு டைம் குடுக்கறாங்க. எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கறீங்களா? தண்டபாணி யாரு? எங்க கிரிக்கெட் டீம்ல விக்கெட் கீப்பரு. சொந்தமா? இல்ல. பங்காளியா? இல்ல. என்ற மருமகள மடில வெக்கறதுக்கு அவனுக்கு எங்கிருந்து உரிமை வந்துச்சு? நான் கேக்கறனுங்க.

அதுவும் நான் வளத்துன புள்ளைங்க இந்த சுகந்தி. அம்மா இல்லாத புள்ள. அவ என்னைப் பாத்து "வரலீன்னா"ங்கறா.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு கிரிக்கெட் மேட்சு. சிரிக்காதீங்க. நீங்க கேட்டா நாயம் எந்தப் பக்கமுன்னு உங்களுக்கே தெரிஞ்சு போயிரும்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். விசுவநாதன். இருவத்தியொரு வருச சர்வீஸு. பன்னெண்டு கம்பெனிக சேந்து ஒரு லீக்கு நடத்தறோம். வைகாசில ஆரம்பிச்சா ஞாயித்துக்கெழம தவறாம ஆட்டம். ஒவ்வொரு டீமும் பதினோரு மேட்சு ஆடோணும். அப்புறம் செமி. ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிறு ஃபைனலு. பந்தலு, மைக்கு, மொதலாளிமாருக்குச் சோபா, எல்லாருக்கும் பிரியாணி. எங்க கம்பெனி டீமுக்கு ஒம்பது வருசமா நாந்தான் கேப்டன்.

எங்க பவுலரு பூபதி. சுகந்தியக் கட்டுனவன் அவந்தான். நான் பாத்துக் கட்டி வெச்ச மாப்பளதான், வேற ஆரும் பாக்கல. கம்பெனில செக்கிங் செக்சன்ல இருக்கறான். ஒரு நாளைக்கு நானூறு ஐநூறு பீஸு வரும். ஒவ்வொண்ணா விரிப்பான், திருப்புவான், தையலப் பாப்பான், மடிச்சு வெப்பான். காலைல எப்படி மடிச்சானோ அப்படியேதான் சாயந்தரமும் மடிப்பான். சலிப்பே வராது அவனுக்கு. பவுலிங்கும் அதே மாதிரிதான். வேகமெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரே எடத்துல குத்தும், குத்தீட்டு ஒரு விரல்கட அக்கட்டால போகும். அந்த ஒரு விரல்கடைல எத்தன பேரு போயிருக்கறானுக தெரியுங்களா.

அவன் லீக்குல எடுத்தத நான் மறைக்கலீங்க. மொத வருசம் முப்பத்தியொரு விக்கெட்டு. ரெண்டாவது வருசம் முப்பத்தி மூணு. மூணாவது வருசம் இருவத்தெட்டு, அதுல ரெண்டு மேட்ச மழ தின்னுருச்சு. போன மாசம் முடிஞ்சுது பாருங்க, இந்த வருசம், இதுல முப்பத்தேழு. பன்னெண்டு கம்பெனிலயும் அவ்வளவு எடுத்தவன் கெடையாது. தண்டபாணி ஒரு நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருக்கறான், அவனுக்கு வேற சோலி என்ன.

ஆனா லீக்கெல்லாம் சேத்தி இல்லீங்க. நான் ஆரம்பத்துல இருந்து சொல்றது அது ஒண்ணுதான்.

எங்க தொழில எடுத்துக்குங்க. ஆறு மாசம் ராவும் பகலும் ஒரு ஆர்டர ஓட்டறோம். லட்சம் பீஸு. கடைசில சரக்கு வாங்கற பையர்கிட்ட இருந்து ஒரு ஆளு வருவாப்ல, ஃபைனல் இன்ஸ்பெக்சனுக்கு. லட்சத்தையுமா பாப்பாப்ல? பொட்டிகள அடுக்கி வெச்சிருப்போம், அவரு இஷ்டத்துக்கு நாலு பொட்டியக் காட்டுவாரு, இதைத் தொற, அதைத் தொறன்னு. அந்த நாலுல ஒரு ஓட்டை இருந்துச்சுன்னா மொத்த லாட்டும் ரிஜெக்ட். மிச்சப் பொட்டில எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்கன்னு நாம அழுதாலும் கேப்பானா? ஆறு மாசம் நீ நல்லாத் தெச்சேங்கறது உன்ற சமாச்சாரம். அன்னைக்கு அந்த நாலு பொட்டி எப்படி, அதுதான் பேச்சு. இருவத்தியொரு வருசமா நான் படிச்ச பாடம் அதுதானுங்க. மனுசனுக்கும் அதுதான்.

மொத ஃபைனல்ல என்னாச்சு? எதிர்ல துணிக்குச் சாயம் போடற ஒரு டையிங் கம்பெனி டீமு. பூபதி மொத ஓவரு போடறான். மூணாவது பந்து, அவனுக ஓப்பனரு தூக்கி அடிச்சுட்டான். மேல போன பந்து எனக்கு நேரா வருது. அந்த நேரம் பாத்து நான் அம்பயருகிட்டப் பேசிட்டு இருந்தேன். அதுக்கு முந்தின பந்த ஒய்டுன்னு குடுத்துட்டாருங்க, ஒய்டே இல்ல அது. கேப்டன்னா கேக்கோணுமா இல்லையா? வெரல நீட்டிக் கேட்டுட்டு இருக்கறேன், பந்து எனக்குப் பின்னால தொப்புன்னு விழுந்துச்சு. அந்த ஓப்பனரு எழுவத்தி நாலு அடிச்சான். பூபதிக்கு நாலு ஓவர்ல நாப்பத்தி ரெண்டு ரன்னு, விக்கெட்டு இல்ல.

கேட்ச் விடறது எல்லாரும் விடறதுதானுங்க. ஆனா பூபதி மூஞ்சியப் பாக்கோணும் நீங்க. பந்து விழுந்ததும் அப்படியே சுருங்கிப் போச்சு. ஃபைனல் ஆடறவனுக்கு மூஞ்சி சுருங்கலாமா? அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவன் ஃபைனலுக்கு ஆகற ஆளு இல்லைன்னு.

அப்பவும் நான் விடல. அடுத்த வருசம் ஃபைனல்ல நானே பக்கத்துல நின்னு பாத்துக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால போயித் தோள்ல கை போட்டு, இங்க போடு, அங்க போடு, இந்தத் தடவ வேகமாப் போடு, இப்பக் குறுக்கிப் போடுன்னு சொல்லிக் குடுத்தேன். ஒரு பந்து விடலீங்க, நாலு ஓவருக்கும் போனேன். நடுவுல என்ன சொன்னான் தெரியுமா? "மச்சா, நான் எப்பவும் போடறாப்லயே போடறனே"ங்கறான். எப்பவும் போடறதுக்கா மாப்பள ஃபைனலு வெக்கறாங்கன்னேன். ஏழு ஒய்டு போட்டான். லீக்கு பூராவும் சேத்து அவன் போட்ட ஒய்டு நாலோ அஞ்சோ. அப்பப் பாத்துக்குங்க, பயம் எவ்வளவு இருந்திருக்கும்னு.

சித்த இருங்க, போனு அடிக்குது. பாத்தீங்களா, பேரச் சொன்னதும் கூப்பிடறான். தண்டபாணி. இவங்கிட்ட எனக்கென்ன பேச்சு. கட் பண்ணிட்டேன். என்ற மடிக்குப் போட்டிக்கு வர்றவங்கிட்ட நான் என்னத்தைப் பேச. மறுக்காவும் அடிக்கறான் பாருங்க. அடி, நல்லா அடி. சைலண்ட்ல போட்டாச்சு.

எங்க விட்டேன்? ஆமா, மூணாவது ஃபைனலு. இதுதானுங்க முக்கியம். இதைக் கேட்டுட்டு நீங்க நாயம் சொல்லோணும்.

போன வருசம். ஃபைனலுக்கு நாலு நாளைக்கு முன்னால சுகந்திக்குப் பிரசவமாயிருச்சு. எட்டு மாசத்துலயே. கொழந்த இத்துனூண்டு, கண்ணாடிப் பொட்டில வெச்சிருந்தாங்களாம். திருப்பூர்லதான் ஆஸ்பத்திரி, என்ற ஊட்டுல இருந்து ரெண்டு வீதி தள்ளி. பூபதி அங்கயே கெடந்தான். கம்பெனிக்கும் வரல, பிராக்டீஸுக்கும் வரல. ஃபைனல் அன்னைக்கு விடியால அஞ்சு மணில இருந்து போன் போடறேன், எடுக்க மாட்டேங்கறான். பதினோரு தடவ போட்டேன். பன்னெண்டாவது தடவ எடுத்தான். மாப்பள, கொழந்தைய டாக்டரு பாத்துக்குவாரு, நீ பந்தப் பாருன்னேன். சொன்னதுல என்ன தப்புங்க? அவன் அங்க நின்னு என்ன பண்ணப் போறான்? கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கறதுதான். அதை நாலு மணி நேரங்கழிச்சுப் பாத்தாலும் அதே கொழந்ததானுங்களே.

வந்தான். நேரத்துக்கு வந்தான், அதை நான் ஒத்துக்கறேன். கண்ணு ரெண்டும் செவந்து போயி, சட்டைல ஆஸ்பத்திரி வாசம். மொத மூணு ஓவரு நல்லாத்தான் போட்டான், ஒரு விக்கெட்டுங்கூட எடுத்தான். கடைசி ஓவரு. பதினெட்டு ரன்னு அடிச்சா அவனுகளுக்குக் கப்பு. பதினெட்டத் தடுக்க முடியாதுங்களா? பத்தொம்பது குடுத்தான். முடிச்சுப்போட்டுப் பிரியாணிகூடத் திங்காம, வண்டிய எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான். தோத்த டீமு வரிசைல நின்னு கை குடுக்கோணும். மொதலாளி கேக்கறாரு, எங்கய்யா உன்ற பவுலருன்னு. எனக்கு மானம் போச்சு.

ஆரு இது, பின்னால ஆரன் அடிச்சுட்டே வர்றது? காது கிழியுது. பைக்குக்காரனுக தொந்தரவு இந்த ரோட்டுலயும் வந்துருச்சு பாருங்க. கண்டக்டர் தம்பி வேற சும்மா கத்திட்டே இருக்காப்ல. இருங்க தம்பி, பேசிட்டிருக்கறோமல்ல, சித்த மெதுவாச் சொன்னா என்ன. நீங்க என்னங்ணா, கையத் தொடறீங்க? சொல்லலாம், சொல்லலாம், முடிச்சிர்றேன், அப்புறம் நீங்க சொல்லுங்க. இப்பத்தான் கதைக்கே வர்றேன்.

இந்த வருசம். முப்பத்தேழு விக்கெட்டு. செமில மட்டும் அஞ்சு. டீம்ல எல்லாரும் பூபதி பூபதிங்கறானுக. நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். மூணு ஃபைனல் பாத்தாச்சு, மூணு பொட்டி தொறந்து பாத்தாச்சு, மூணுலயும் ஓட்டை. நாலாவது பொட்டியும் தொறந்து பாக்க நான் என்ன முட்டாளா? ஃபைனலுக்கு வெளியாளு ஒருத்தர எறக்கிக்கலாம்னு எங்க லீக்குல ஒரு ரூலு இருக்குது. கெஸ்ட் பிளேயருன்னு சொல்லுவோம். ஈரோட்டுல இருந்து ஒருத்தரக் கூட்டியாந்தேன். பெரிய மேட்சுல மட்டுந்தான் எறங்குவாப்ல. லீக்கெல்லாம் தொடவே மாட்டாராம். கேட்டதுமே எனக்குப் புடிச்சுப் போச்சு.

டாஸுக்குப் பத்து நிமிசம் இருக்கறப்போ பூபதியக் கூப்பிட்டுச் சொன்னேன். மாப்பள, இன்னைக்கு நீ உக்காந்துக்கன்னு. ஷூவுக்கு லேஸு கட்டிட்டு இருந்தான். கட்டி முடிச்சான். "சரி மச்சா"ன்னான். கட்டுன லேஸ அவுக்கக்கூட இல்ல, அப்படியே பந்தல்ல போயி உக்காந்துட்டான். தண்டபாணிதான் குதிச்சான், நோட்டத் தூக்கிட்டு வந்து. "மாஸ்டரே, முப்பத்தேழு விக்கெட்ட உக்கார வெக்கறீங்களே"ங்கறான். போடா, உன்ற நோட்டு நாளைக்குப் பொட்டணம் மடிக்கத்தான் ஆகும்னு சொல்லிப்போட்டேன்.

கெஸ்ட்டு நல்லாத்தான் போட்டாப்ல. நாலு ஓவருக்கு அம்பத்தி ரெண்டு ரன்னு. ஆனா மூஞ்சி சுருங்கல பாருங்க, அதுதானுங்க ஃபைனல் ஆளு.

எனக்கு எது ஆகலீன்னா, பூபதி தண்ணி கொண்டு வந்தான். அடிபட்டவனாட்டம் மூலைல உக்காந்திருக்கலாம், இல்ல கோவிச்சுட்டு ஊட்டுக்குப் போயிருக்கலாம். ரெண்டும் பண்ணல. ஓவருக்கு ஓவரு தண்ணிப் பாட்டலத் தூக்கிட்டு ஓடியாறான். என்கிட்ட நீட்டறான், "குடிங்க மச்சா"ன்னு. பந்தல்ல இருந்த அத்தன பேரும் பாக்கறாங்க. என்னைக் கெட்டவனாக் காட்டறதுக்குன்னே கொண்டு வந்தான். நான் குடிக்கவே இல்ல. தொண்ட காஞ்சு போச்சு, குடிக்கலையே.

அப்புறம் நாங்க பேட்டிங். நான் நின்னு ஆடறேன். நாலு பந்து மிச்சம், மூணு ரன்னுதான் வேணும், கையில இருக்கறது கடைசி விக்கெட்டு. ஒரு தட்டுத் தட்டிப்போட்டு ஓடறேன். எதிர்ல வர்ற பேக்கிங் செக்சன் பையன் நடந்து வர்றாப்ல வர்றான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நடுவுல நின்னு அவன நாலு வார்த்தை கேட்டேன். ஃபைனல்ல இப்படியாடா ஓடறதுன்னு. அதுக்குள்ள ஸ்டம்ப எடுத்துட்டானுக. என்ற ஸ்டம்பத்தான். அந்தப் பையன் நேரா ஓடி வந்திருந்தா நான் நிக்க வேண்டியதே வந்திருக்காது. அவன அடுத்த வருசம் டீம்லயே சேக்கறதில்லைன்னு இருக்கறேன்.

ரெண்டு ரன்னுல கப்பு போச்சு.

மறுநாளு சுகந்தி வந்தா. கொழந்தைய இடுப்புல வெச்சுட்டு, பஸ் ஏறி, என்ற ஊட்டுக்கு. வாசப்படி தாண்டல. நின்னுட்டே பேசறா.

"அண்ணா, அவரு மூணு நாள் சரியாப் போடலீன்னு உக்கார வெச்சீல்ல?"

ஆமான்னேன். பொய்யா சொல்ல முடியும்?

"சரி. நீ அண்ணனா எப்படி ஆடியிருக்கேன்னு நான் சொல்லட்டுமா? கல்யாணத்துக்கு வந்தே. வளகாப்புக்கு அம்பத்தியொரு தட்டோட வந்தே. பேரு வெச்சப்போ சங்கிலியோட வந்தே. போட்டோல எல்லாம் நீதான் நடுவுல நிக்கறே. பதினேழு நாள் நான் ஆஸ்பத்திரில கெடந்தேன், உன்ற ஊட்டுல இருந்து ரெண்டு வீதி. ஒரு நாள் வந்தியா? தூக்குப்போசில ரசஞ்சோறு நெதமும் கொண்டு வந்தது ஆரு? தண்டபாணியண்ணன். நடுராத்திரில மருந்துக்கு ஓடுனது ஆரு? தண்டபாணியண்ணன். நீ ஃபைனலுக்கு மட்டும் வர்ற ஆளுண்ணா. லீக்கு பூராவும் எனக்கு வேற ஆளுதான் ஆடறாங்க."

எப்படி இருக்கும் எனக்கு? நான் சொன்ன வார்த்தைய எடுத்து என்ற மூஞ்சிலயே எறியறா. எனக்கு அப்ப ஷிப்மெண்ட்டுங்க. நாப்பதாயிரம் பீஸு கட்டிங். விட்டுட்டுப் போயி ஆஸ்பத்திரில உக்காரச் சொல்றீங்களா? அதுவுமில்லாம ஆஸ்பத்திரில ஆரு வந்தா ஆரு வரலீன்னு ஆருக்குத் தெரியும்? ரசஞ்சோறு ஆரு வேணும்னாலும் கொண்டு போலாம், கடைலகூடக் கெடைக்கும். சபைல, பத்துப் பேரு முன்னால, பேரச் சொல்லிக் கூப்பிடறப்போ, மடில வெச்சுக்கறவன் எவனோ அவந்தானுங்க மாமன். நானும் அதைத்தான் சொன்னேன் அவகிட்ட. அந்த ஒரு நாளுதான் கண்ணு பேச்சு, மத்ததெல்லாம் சேத்தியே இல்லைன்னேன்.

அவ என்னையே பாத்தா. அழுவான்னு நெனச்சேன், அழுகல. "சரிண்ணா, அந்த ஒரு நாளு வருதல்ல, பாக்கலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டா. அந்த ஒரு நாளுதானுங்க இன்னைக்கு.

நான் போயி உக்காந்து காட்டறேன் பாருங்க. தண்டபாணி கோயிலுக்கு வெளிய செருப்புக்குக் காவல் நிக்கட்டும். பூபதி வந்து வாங்க மச்சான்னு கூப்பிடோணும். கூப்பிடுவான், அவன் கூப்பிடுவான், அவன் அப்படித்தான். அதை நெனச்சாத்தான் இன்னும் ஆத்தரமா வருது.

இருங்க, வெளிச்சம் வருது போன்ல. சுகந்தி. எடுத்தர்றேன்.

அலோ. வந்துட்டே இருக்கறேன் கண்ணு. பஸ்ஸுலதான். இதா, இப்ப வந்தர்றேன். என்னது? ஆமா, பச்சைக் கலர் பஸ்ஸுதான். ஆமா, சன்னலுக்குப் பக்கத்துல... இல்ல, ரெண்டாவது சீட்டு. ஆரு பாத்தா? தண்டபாணியா? அவன் எதுக்குப் பிரிவுக்கு வந்தான்? என்னைக் கூட்டிட்டுப் போறதுக்கா? பைக்குல வந்து நின்னானா?

ஒரு நிமிசம் இரு கண்ணு, வெக்காத. ஏனுங்க, இது எந்த ஊரு? போர்டப் பாருங்க. குண்டடமா? குண்டடம் எப்படி வரும், பிரிவு வரவே இல்லையே. போயிருச்சா? எப்பப் போச்சு? ஏனுங்க, நான் ஏறுனதும் சொன்னனா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு? கையத் தொட்டீங்க, சரி, தொட்டா நான் என்னன்னு நெனைக்கறது? வாயத் தொறந்து சொல்ல வேண்டாமா? கண்டக்டரே, பிரிவு வந்தா நிறுத்தோணுமா இல்லையா? மூணு தடவ கூப்பிட்டீங்களா? நான் இருங்கன்னு சொன்னனா? நான் எங்க சொன்னேன்?

அலோ. சுகந்தி. கண்ணு, இந்த பஸ்ஸுக்காரன் நிறுத்தாமப் போயிட்டான். நான் ஒரு ஆட்டோவப் புடிச்சு வந்தர்றேன், ஒரு கால் மணி நேரம். மணி என்ன? பத்தே பத்தா? ராகுகாலத்துக்கு இன்னும் இருவது நிமிசம் இருக்குதல்ல. காது குத்தற ஆசாரிக்கு வேற ஊர்ல சோலியா? அவன இருக்கச் சொல்லு, நான் பேசிக்கறேன் அவங்கிட்ட. அலோ. கொழந்த எதுக்கு அழுகுது? சுகந்தி. எதுக்கு இப்படி அழுகுது?

குத்தியாச்சா.

வெச்சுட்டா.

குத்திட்டாங்களாம். தண்டபாணி மடில. பஸ்ஸுக்குப் பின்னால ஒரு மைலு ஆரன் அடிச்சுட்டே வந்தானாம். நான் அக்கட்டால திரும்பி உங்ககூடப் பேசிட்டு இருந்தனாம், ஏறெடுத்தே பாக்கலியாம். பத்து மணி வரைக்கும் பாத்திருக்கறாங்க. அதுக்கு மேலயும் பூபதிதான் மச்சான் வரட்டும், அஞ்சு நிமிசம் பொறுங்கன்னானாம். அவனாரு என்ற மேல எரக்கப்படறதுக்கு?

இந்தப் பழத்தக் குடுங்க. வேண்டாம், நீங்களே வெச்சுக்குங்க. நான் எறங்கி எங்க போறது இனி.

நீங்க என்ன என்னைய இப்படிப் பாக்கறீங்க? ஒரு நாளுங்க. ஒரே ஒரு நாளு நேரத்துக்குப் போகல, அதுக்காக நான் அண்ணன் இல்லைன்னு ஆயிருமா? எங்கம்மா சாகறப்போ அவளுக்குப் பத்து வயசு. எனக்கு இருவது. பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைச் சடை போட்டுட்டு வரோணும்பாங்க. ஊட்டுல பொம்பள இல்ல. நான் பக்கத்தூட்டு அக்காகிட்டக் கத்துக்கிட்டு வந்து, நெதமும் காலைல அவள முன்னால உக்கார வெச்சு, எண்ண வெச்சு, சீவி, ரிப்பன் கட்டி விட்டுட்டுத்தான் கம்பெனிக்கு ஓடுவேன். லேட்டாப் போயி லேட்டாப் போயி மேஸ்திரிகிட்டத் திட்டு வாங்கியிருக்கறேன். ஏழு வருசங்க. ஒரு நாள்கூட வகிடு கோணலாப் போனதில்ல. ஆரும் பாக்கல, ஆரும் போட்டோ புடிக்கல, எந்த நோட்டுலயும் எழுதி வெக்கல. அதெல்லாம் சேத்தி இல்லீங்களா?